சித்தாண்டி வீடும் ருஷ்ய உறவும்



மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர், ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்து சித்தாண்டியை அடைவர். சித்திர வேலாயுத சுவாமி கோயிலாற் புகழ்பெற்ற ஊர் அது. வயலும் வாவியும் சூழ்ந்த இவ்வூரிலும் இதனைச் சூழவுள்ள மட்டக்களப்புத் தேசத்தின் ஏனைய ஊர்களிலும், திருமணம் என்றதும் முதலில் எழும் வினா ஒன்றுண்டு. மணமகன் என்ன தொழில் செய்கிறான் என்பதன்று அவ்வினா. "என்ன குடி?" என்பதே அது. குடி என்பது தாய்வழியே வருவது. தாயின் குடி எதுவோ, அதுவே பிள்ளையின் குடி. ஒரே குடியைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் உடன்பிறந்தார்க்கு ஒப்பானவர். அவர்க்குள் மணவினை இல்லை.

குடியோடு இணைந்து வருவது வீடு. இங்கே பெண்ணுக்கே வீடு சீதனமாக அமையும். மணமான பின் கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளைய பெண்களோடு அதே வளவிலோ அருகிலோ வேறொரு வீடு அமைத்துக்கொண்டு செல்வதும் உண்டு. மட்டக்களப்புக்குப் போன வெளியூரான் பாயோடு ஒட்டிக்கொள்வான் என்று பிறர் வேடிக்கையாகச் சொல்லுவது இவ்வழக்கத்தைக் கண்டுதான். அதனை மந்திரம் என்று கதைப்பவரும் உளர். மந்திரம் வேறொன்றுமில்லை, வீடு பெண்ணுடையது, வயலும் பெரும்பாலும் பெண்ணின் பக்கத்தது, எனவே வந்த மாப்பிள்ளைக்குத் திரும்பிப் போக வேண்டிய காரணம் குறைவு!

இத்தகைய ஒரு சமூகத்தில் ருஷ்ய நாட்டவர் ஒருவர் வாழ்க்கைத் துணையாக வந்தால் நேர்வது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இஃது ஏட்டளவில் எழும் வினாவன்று. இலங்கைக்கும் சோவியத் ஒன்றியத்துக்குமிடையே 1957 இல் தூதரக உறவு ஏற்பட்டது. 1960 இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் பற்றிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் இளைஞருடன் நம் நாட்டு இளைஞரும் மருத்துவமும் பொறியியலும் பயில அங்கே சென்றனர். முதலாண்டு முழுவதும் ருஷ்ய மொழிப் பயிற்சி. அதன் பின்னரே பாடங்கள். இளமையில் ஐந்தாறு ஆண்டுகளைப் பனி விழும் நாட்டிற் கழித்தவருட் சிலர் அங்கேயே மணம் புரிந்ததில் வியப்பில்லை. அவர்க்கு முந்திய தலைமுறைக்கு இவ்வாய்ப்பும் இருந்திருக்காது. 1947 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பிறப்பிக்கப்பட்ட ஆணை, சோவியத் குடிமக்கள் அந்நியரை மணப்பதை அடியோடு தடுத்திருந்தது. ஸ்டாலின் மறைந்த 1953 ஆம் ஆண்டிலேயே அத்தடை நீங்கியது.

அண்மைக் காலத்தில் நிலைமை வேறு திசையிலும் திரும்பியுள்ளது. 2009 இற் போர் முடிந்தபின் பாசிக்குடாக் கரையில் உல்லாச விடுதிகள் எழுந்தன. சித்தாண்டியிலிருந்து அக்கரை தொலைவிலில்லை. ருஷ்ய நாட்டுப் பயணிகள் பெருந்தொகையாக இத்தீவுக்கு வருகின்றனர். முன்னர் மொஸ்கோவின் மாணவர் விடுதியில் நிகழ்ந்த சந்திப்பு இப்போது நம்முடைய கடற்கரையிலேயே நிகழக்கூடும்.

ருஷ்யக் கிராமத்தின் பழைய வழக்கம் மட்டக்களப்பின் வழக்கத்துக்கு நேர் எதிரானது. அங்கே பெண்தான் கணவனின் வீட்டிற்குப் போக வேண்டும். மருமகளைக் குறிக்கும் 'நெவேஸ்த்கா' என்ற சொல்லுக்கு 'அறியப்படாதவள்' என்று பொருள் கூறுவாரும் உளர். மாறாக, மனைவியின் வீட்டிற்சென்று வாழும் ஆணுக்கு 'ப்ரிமாக்' என்று பெயர். அப்பெயரில் இளக்காரம் தொனிக்கும். சொந்த வீடும் நிலமும் இல்லாதவனே அவ்வாறு போவான் என்பது கிராமத்தின் கணிப்பு. ஆகவே சித்தாண்டிப் பெண்ணை மணந்து அவள் வீட்டில் வாழவரும் ருஷ்யர், ஊரார் தமக்குத் தரும் மரியாதையைக் கண்டு முதலில் திகைக்கவே செய்வார். தம் நாட்டில் இகழ்ச்சிக்குரிய நிலை, இங்கே மாப்பிள்ளையின் இயல்பான நிலை! அவருக்கென ஓரிடம் இவ்வூரின் அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கிருந்தோ வரும் ஆணை ஏற்றுப் பழகிய வீடு இது.

துன்பம் மறுபக்கத்தில் உள்ளது. ருஷ்யப் பெண் ஒருத்தி சித்தாண்டிக்கு மனைவியாக வந்தால் அவள் எந்த வீட்டிற்கு வருவது? கணவனுடைய தாயின் வீடோ அவனுடைய சகோதரிகளுக்கு உரியது. அவளுக்கென்று தாய் வீடு இவ்வூரில் இல்லை. பக்கத்து வளவில் அம்மா இல்லை, தங்கை இல்லை. பிள்ளைப் பேற்றின்போது கவனிக்க வேண்டிய கைகள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ளன. கணவனின் தாய் அன்புடையவராயிருக்கலாம். ஆயினும் இவ்வூரின் பெண்கள் மாமியுடன் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்து பழகியவரல்லர். மாமிக்கும் அது புதிது, மருமகளுக்கும் புதிது. இதனைப் பலர் கவனிப்பதில்லை. உணவும் உடையும் வெப்பமுமே வேற்று நாட்டுப் பெண்ணின் இடர்கள் என எண்ணுகின்றனர். உறைப்புக் கறிக்கு நாக்குப் பழகிவிடும். வீடில்லாத வீட்டிற்குப் பழகுவதுதான் அரிது.

இனி மொழிக்கு வருவோம். ருஷ்ய மொழி கடினமானது என்பர். ஆனால் ஆங்கிலேயர்க்குக் கடினமான பல இடங்கள் தமிழர்க்கு எளியன. "அவர் ஆசிரியர்" என்று தமிழில் வினைச்சொல் இன்றியே கூறிவிடுகிறோம். ருஷ்யரும் அவ்வாறே கூறுவர். "எனக்குக் குளிர்கிறது", "எனக்கு வயது இருபது" என்று நாம் நான்காம் வேற்றுமையில் அமைப்பதை அவர்களும் அதே வேற்றுமையில் அமைப்பர். ஒன்றை உடைமையாகக் கொள்வதைச் சொல்ல நாம் "என்னிடம் இருக்கிறது" என்போம். அவர்களது வழக்கும் அதுவே. 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடும் அங்கே உண்டு. மூத்தவரை ஒருமையில் விளிப்பது அங்கும் பிழையே. தெரியாத முதியவளைப் 'பாட்டி' என்றும், சிறுவர் அயலாரை 'மாமா', 'மாமி' என்ற பொருளில் அழைப்பதும் இரு நாட்டிலும் ஒன்றே. 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் தங்கி ஆய்வு நடத்திய மேர்வார்ட் தம்பதியர் ருஷ்ய நாட்டிலிருந்து வந்தவர்கள். அவருள் அலெக்சாந்தர் மேர்வார்ட் பேச்சுத் தமிழுக்கு ருஷ்ய மொழியில் ஓர் இலக்கணம் எழுதி 1929 இல் வெளியிட்டார். கணவனும் மனைவியும் சேர்ந்தே நம் மொழியைக் கற்றனர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஒற்றுமை இருக்கும் இடத்திலேதான் வழுக்கலும் அதிகம். ருஷ்ய மொழியில் இறந்தகால வினை, பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். "நான் வந்தேன்" என்று தமிழில் யாரும் சொல்லலாம்; அங்கே ஆண் ஒருவகையாகவும் பெண் ஒருவகையாகவும் சொல்ல வேண்டும். மனைவியிடமிருந்தே ருஷ்ய மொழியைக் கற்கும் கணவன், தன்னை அறியாமலே பெண் பேசுவதுபோற் பேசிவிடுவான், கேட்பவர் நகைப்பர். சித்தாண்டியில் இதற்கு மாறானது நிகழும். வீட்டுச் சிறுவர்களிடமும் கணவனிடமும் தமிழ் கற்ற ருஷ்யப் பெண், தான் கேட்டபடியே மாமனாரைப் பார்த்து "வா, இரு" என்று கூறிவிடுவாள். தன் மொழியில் அந்த வேறுபாட்டைச் சற்றும் தவறாமற் காப்பவள் அவள். பிழையை உணர்ந்தவுடன் கூசிப்போவாள். பிறகு சில நாட்களுக்குப் பேசவே மாட்டாள். வீட்டாரோ அவள் மௌனத்தைக் கர்வம் என்று எடுத்துக்கொள்வர்.

'மச்சான்' என்னும் சொல் இன்னொரு குழப்பத்தை விளைக்கும். மாமன் மகனும் அத்தை மகனும் நமக்கு மச்சான். அவன் மணத்துக்கு உரியவன். இப்பகுதியில் மனைவி கணவனை 'மச்சான்' என்று அழைப்பதும் உண்டு. ருஷ்ய மொழியிலோ பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகள் அனைவரும் 'இரண்டாம் பிறப்புச் சகோதரர்' என்ற பொருள்படும் பெயரால் வழங்கப்படுவர். அவர்களை மணப்பதை அந்நாட்டுத் திருச்சபை பாவமெனத் தடுத்துவந்தது. கணவனின் பெற்றோர் மச்சானும் மச்சாளும் என்று கேள்விப்படும் ருஷ்யப் பெண், அண்ணனும் தங்கையும் மணந்துகொண்டதாகவே விளங்கிக்கொள்வாள். கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புக் கருவியும் இதற்கு உதவாது. ஆங்கில வழியாகப் போனால் மச்சானும் தம்பி முறையானவனும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுவர். யாரேனும் ஒருவர் பொறுமையோடு உட்கார்ந்து, மணலிற் கோடிட்டு உறவு முறையை விளக்க வேண்டும்.

மூன்றாவது மொழியொன்றைப் பாலமாகக் கொண்ட உறவுகளும் உண்டு. அவற்றுள் உலகறிந்தது ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானாவுக்கும் பிரஜேஷ் சிங்குக்கும் இடையே மலர்ந்தது. சிங், உத்தரப் பிரதேசத்தின் காலாகாங்கர் அரச குடும்பத்தவர், பொதுவுடைமையாளர். 1963 இல் மொஸ்கோ மருத்துவமனை ஒன்றில் இருவரும் நோயாளராகச் சந்தித்தனர். ஆங்கிலத்திற் பேசிக்கொண்டனர், அது இருவர்க்கும் தாய்மொழியன்று. 1965 இல் சிங் மொழிபெயர்ப்பாளராக மொஸ்கோவுக்குத் திரும்பி வந்தார். திருமணத்தைப் பதிவு செய்ய இருவரும் விரும்பினர். பிரதமர் கொசிகின் அவளை நேரில் அழைத்து, அதற்கு இடமில்லை எனக் கூறிவிட்டார். சொல் விளங்காமல் வந்த தடையன்று அது. இருவரும் ஒருவரையொருவர் நன்கு விளங்கிக்கொண்டிருந்தனர். விளங்க மறுத்தது அரசு. 1966 ஒக்டோபர் 31 ஆம் நாள் சிங் காலமானார். டிசெம்பரில் அவள் அவரது அஸ்தியைச் சுமந்து காலாகாங்கருக்கு வந்தாள். அது கங்கையிற் கரைக்கப்பட்டது. பதிவேட்டில் மனைவியெனப் பெயரில்லாத அவளை அவ்வூரில் அவருடைய உறவினர் தம் வீட்டில் வைத்துக்கொண்டனர். அங்கேயே தங்க அவள் விரும்பியும் இயலவில்லை. 1967 மார்ச் 6 ஆம் நாள் புதுடில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்திற் புகலிடம் கேட்டாள். பின்னர் தன் நூலால் வந்த பொருளில் ஒரு பகுதியைக் கொண்டு காலாகாங்கரில் சிங்கின் பெயரால் மருத்துவமனை அமைக்க உதவினாள்.

இன்னொரு இணை அமைதியாக வாழ்ந்தது. வால்டேரிற் பிறந்த திரைப்பட நடிகை தேவிகா ராணி, ருஷ்ய ஓவியர் ஸ்வெத்தோஸ்லாவ் ரோரிக்கை 1945 இல் மணந்தார். பெங்களூருக்கு அருகே தாத்தகுனித் தோட்டத்தில் பல்லாண்டு வாழ்ந்தனர். 1993 இல் கணவரும் அடுத்த ஆண்டில் மனைவியும் மறைந்தனர். இருவருமே தத்தம் ஊரைவிட்டு மூன்றாவது ஓர் இடத்தில் வாழ்ந்தவர்கள். அங்கே யாரும் யாருடைய வீட்டுக்கும் விருந்தாளியல்லர். அவ்வாறான வசதி சித்தாண்டிக்கு வருபவருக்குக் கிடையாது.

முகக் குறிப்பைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ருஷ்யர் அறிமுகமில்லாதவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. காரணமின்றிச் சிரிப்பது பொய்மையெனக் கருதுவர். நாமோ வீதியில் எதிர்ப்படுபவரை நோக்கி முறுவலித்துத் தலையை அசைப்போம். மறுப்பை அவர்கள் நேரே சொல்லிவிடுவர். நாம் "பார்ப்போம்" என்போம். ஒருவன் "பார்ப்போம்" என்றால் ருஷ்ய மனைவி மறுநாள் வந்து, "பார்த்தீர்களா?" என்று கேட்பாள். தந்தையின் முன்னே மகன் வாய் திறவாமல் நிற்பது இங்கே பணிவு; தன்னைப் பற்றிய பேச்சில் கணவன் அவ்வாறு நின்றால், தன் பக்கம் பேச அவனுக்கு மனமில்லை என்று அவள் முடிவுகட்டுவாள். மொஸ்கோவில் வாயாடியாயிருந்தவன் இவன்தானா என்று ஐயுறுவாள். அவள் கேட்பது நியாயமே. அவன் அன்றிரவே தனிமையில் அதனை எடுத்துச் சொல்ல வேண்டும். நாள் கடத்தினால் அது விளக்கமாக இராது, சாக்காகத் தோன்றும்.

பிள்ளைகளிடத்தே இவ்வேறுபாடுகள் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. ருஷ்யர் பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயரைச் சேர்த்து வழங்குவர். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் இடுகிறோம். இவ்வகையில் இருவரும் உறவினரே. ஆனால் குடியோ தாயினுடையது. 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தை வழியாகவே பிள்ளைக்குக் குடியுரிமையைத் தந்தது. தாய் வழியாகவும் அவ்வுரிமை உண்டு என்ற திருத்தம் 2003 இலேதான் வந்தது. அதற்கு முன்னர், ருஷ்யரை மணந்த சித்தாண்டிப் பெண்ணின் பிள்ளைக்கு ஊரிலே குடி உண்டு, நாட்டிலே குடியுரிமை இல்லை. ருஷ்யப் பெண்ணை மணந்த சித்தாண்டி ஆணின் பிள்ளைக்கு நாட்டிலே குடியுரிமை உண்டு, ஊரிலே குடி இல்லை. சட்டம் தன் பாதியைத் திருத்திக்கொண்டது. மறுபாதி ஊரின் கையில் இருக்கிறது. மட்டக்களப்புத் தேசத்தின் கோயில்களில் திருவிழா நாட்களைக் குடிகள் பங்கிட்டு நடத்துவது வழக்கம். அக்கூட்டத்தில் நிற்கும் சிறுவனைப் பார்த்து முதியவர் ஒருவர் அன்போடு, "மகன், நீ என்ன குடி?" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். அதற்கு விடை கூற வேண்டிய அம்மம்மா வொல்கா நதிக்கரையில் இருக்கிறார். சிறுவன் தன் தகப்பனைத் திரும்பிப் பார்ப்பான்; தகப்பன் தன் குடியைச் சொன்னால் அது தவறாகும், சொல்லாவிட்டால் பிள்ளை வெறுமனே நிற்பான். அவ்வேளையில் அருகே நிற்கும் அப்பம்மா முன்வந்து, "இது நம்மட பிள்ளை" என்று கூறி அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லலாம். அவ்வாறு சொல்ல எந்த ஏட்டிலும் விதியில்லை, தடையும் இல்லை.