புறக்கடைக் கோழிக்கு ஒரு கூரை

(திண்டுக்கல் சமவெளிப் பகுதியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று பேசிப் பழகிய இந்த இடத்தில், கோழிக்குக் கூரை வேய்வதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கு ஓர் அலுவலர் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஐப்பசி அடைமழையின்போது நான் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். அங்கே ஓர் அம்மையார் பஞ்சாரத்தைத் தூக்கிக் காட்டினார். அதனடியில் பதினான்கு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. அவை வளர்ந்திருந்தால் பொங்கலுக்குமுன் விற்றுப் பிள்ளையின் படிப்புச் செலவைச் சமாளித்திருப்பார். "நோய் வந்துவிட்டது, ஐயா" என்றார். நோய் வந்தது உண்மைதான். ஆனால் அது வந்த வழி, தலைக்குமேல் இருந்த கிழிந்த சாக்குப் படுதா.

நம் திண்டுக்கல்லில் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்குக் கண்காட்சி நடப்பதை நீங்கள் அறிவீர்கள். இலட்சக்கணக்கில் விலை பேசப்படும் சேவலுக்கு அதன் உடையவர் நல்ல கொட்டகை கட்டித்தான் வைத்திருப்பார். கொல்லையில் மேயும் நாலு சிறுவிடைக் கோழிகளுக்கு அது இல்லை. அவற்றின் வருவாயோ வீட்டுப் பெண்களின் கைக்கு நேரே போய்ச் சேருவது.

ஈரம் எவ்வாறு கொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர் கோழியின் எச்சத்தோடு வெளியே வருகிறது. வந்தவுடன் அதனால் தீங்கில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள தரையில் ஓரிரு நாள் கிடந்தால்தான் அது நோய் உண்டாக்கும் வலிமை பெறுகிறது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளே அதற்கு மிகுதியாகப் பலியாகின்றன. தரை காய்ந்திருந்தால் நோயின் கை பெரும்பாலும் கட்டப்பட்டுவிடும். ஆதலால் கோழிக்குக் கூரை என்பது கோழியின் முதுகு நனையாமலிருக்க மட்டுமன்று. அதன் காலடி நனையாமலிருக்கவே முக்கியமாக வேண்டும். கூரை இருந்தால் தடுப்பூசி வேண்டாம் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் கூரையைப் பார்த்து ஒதுங்குவதில்லை.

மலிவான கூரை என்றவுடன் எல்லாரும் பொருளின் விலையைக் கேட்கிறார்கள். தகரமா, கிடுகா, தார்ப்பாயா என்பதே வினாவாக இருக்கிறது. என் அனுபவத்தில் கூரை கெடுவது பொருளால் அன்று. சாய்வு போதாமையாலும், இறவாரம் நீளாமையாலும், கட்டு தளர்வதாலுமே கெடுகிறது. இம்மூன்றுக்கும் காசு அதிகம் வேண்டியதில்லை. என் வீட்டுக் கொல்லையிலேயே புத்தம்புதுத் தகரம் போட்டேன். ஆடிக் காற்று ஒரே இரவில் அதைக் கழற்றி அடுத்த தோட்டத்துக் கிணற்றடியில் கொண்டுபோய்ப் போட்டது. ஆள் யாரும் அங்கே படுத்திருக்கவில்லை என்பது என் நற்பேறு. தகரம் நல்ல தகரமே. கட்டிய நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இருபது கோழிகளுக்குப் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட இடம் போதும். அதற்கு இரட்டைச் சாய்வுக் கூரையையே நான் பரிந்துரைக்கிறேன். முகடு கிழக்கு மேற்காக ஓட வேண்டும். இதற்குக் காரணம் இரண்டு. நம் சமவெளியில் ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. முகடு அத்திசையிலேயே இருந்தால் காற்று கூரையின் அகன்ற முகத்தில் மோதாமல் அதன் ஓரமாக வழுக்கிப் போகும். மேலும், காலை மாலை வெயில் நீண்ட பக்கத்தின் வழியே உள்ளே விழாது. சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்து இளைப்பதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோழிக்கு வியர்வை கிடையாது.

பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால்கள். தரைக்குமேல் ஐந்தடி, மண்ணுக்குள் இரண்டடி. முகட்டைத் தாங்க நடுவில் மூன்று கால்கள். தரைக்குமேல் எட்டடி, மண்ணுக்குள் இரண்டடி. ஆறடி அகலத்துக்கு மூன்றடி ஏற்றம் கிடைக்கிறது. கீற்றுக் கூரைக்கு இந்தச் செங்குத்தான சாய்வு கட்டாயம். சாய்வு குறைந்தால் நீர் ஓடாமல் ஊறும். ஊறினால் கீற்று மக்கும். சிக்கனம் என்று சொல்லிக் காலைக் குட்டையாக வெட்டுபவர் அடுத்த ஆண்டே புதுக் கீற்றுக்குச் செலவு செய்கிறார்.

கால்களுக்குச் சவுக்கு வாங்க வேண்டுமென்பதில்லை. நம் குளங்களிலும் தரிசுகளிலும் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதை அகற்றும்போது வெட்டியதெல்லாம் கரிமூட்டத்துக்குப் போகிறது. நேராக உள்ள கம்புகளை மட்டும் ஏலம் எடுத்தவரிடம் விலைக்குக் கேட்டு வாங்கலாம். ஊராட்சி உறுப்பினர்கள் ஒரு சொல் சொன்னால் இது எளிதில் நடக்கும். பட்டையை உரித்துவிடுங்கள், செள்ளு பட்டை இடுக்கில்தான் குடியிருக்கும். மண்ணுக்குள் போகும் பகுதியை நெருப்பில் மேலாகக் கருக்கிக்கொண்டால் கரையான் விரைவில் பற்றாது. காலின் அடிமுனையில் ஒரு முழ நீளக் கட்டையைக் குறுக்கே கட்டி, அதன்மேல் கல்லும் மண்ணும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். காற்று கூரையைக் கீழே தள்ளுவதைவிட மேலே தூக்குவதே அதிகம். இதை மறந்துதான் நான் தகரத்தை இழந்தேன்.

கைமரங்களின்மேல் ஓரடிக்கு ஒரு வரிச்சு கட்டுங்கள். அதன்மேல் நேரே கிடுகு வேயாமல், முதலில் பழைய விளம்பரப் பதாகைத் துணியை விரியுங்கள். திருவிழாவும் தேர்தலும் முடிந்தபின் இந்தத் துணி ஊர்தோறும் குப்பையாகக் கிடக்கிறது. வெயிலில் கிடந்தால் அது சீக்கிரம் நொறுங்கும். கிடுகின் நிழலில் இருந்தால் நெடுநாள் உழைக்கும். கிடுகு வெப்பத்தைத் தடுக்கும்; துணி ஒழுக்கைத் தடுக்கும். கிடுகுக்குள் நுழையும் எலியும் அதைத் தேடி வரும் பாம்பும் கோழிகளின்மேல் விழாமலிருக்கவும் இது உதவும். ஊராட்சி அகற்றும் பதாகைகளை எரித்துப் புகையாக்காமல் கோழி வளர்க்கும் மகளிருக்குக் கொடுக்கலாமே!

கிடுகு கீழிருந்து மேலாக வேயப்படும். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையை நன்றாக மூடி, அரையடி மட்டுமே வெளியே தெரிய வேண்டும். இந்த அளவுக்கு முகட்டையும் சேர்த்து ஏறக்குறைய அறுபது கிடுகு வேண்டும். அய்யம்பாளையம், வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்தார் தென்னங்கீற்றை வீட்டிலேயே முடைந்துகொள்ளலாம். மேட்டுநிலத்தில் வரப்புப் பனை உள்ளவர்கள் பனையோலை வேய்ந்தால் அது இன்னும் கூடுதலாக உழைக்கும். விலை ஊருக்கு ஊர் மாறுவதால் தொகை எதுவும் நான் சொல்லவில்லை.

இறவாரம் நீண்ட பக்கங்களில் ஒன்றரை அடியும் முனைகளில் ஓரடியும் வெளியே நீள வேண்டும். இதைக் குறைக்கவே கூடாது. நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரலாக அடிக்கிறது. எனவே கிழக்கு முனையையும் வடபுறத்தின் கீழ்ப்பாதியையும் அந்த இரு மாதங்களுக்குக் கீற்றுத் தட்டியால் மறைத்துவிட்டுப் பிறகு எடுத்துவிடலாம். நிரந்தரமாக அடைத்தால் எச்சத்தின் காரநெடி உள்ளே தங்கிக் கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும்.

முக்கியமான கூடல்களில் கயிற்றை நம்பாமல் கட்டுக்கம்பி போடுங்கள். கூரைக்குமேல் இரண்டு மூன்று இடங்களில் குறுக்கே கயிறு ஓட்டி, இரு முனைகளிலும் கனமான கல்லைத் தொங்கவிடுவது கடற்கரை ஊர்களின் வழக்கம். உள்நாட்டில் நமக்கு அது எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாளை நினைவூட்டுகிறேன். வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயல் நம் மாவட்டத்தின் வழியாகவும் சென்றது.

ஏற்கெனவே தகரம் வைத்திருப்பவர்கள் அதை எறிய வேண்டாம். ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் நீர் அங்கேதான் இறங்கும். கோடையில் மேலே சுண்ணாம்பு பூசுங்கள், அல்லது ஒரு வரிசை கீற்றுப் பரப்புங்கள். கல்நார் ஷீட்டை மட்டும் அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்காதீர்கள்.

கூரை முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். உள்தரையைச் சரளையும் செம்மண்ணும் கொட்டி ஓரடி உயர்த்த வேண்டும். இறவாரத்து நீர் விழும் இடத்தில் அரையடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிப் பள்ளத்தை நோக்கி விட்டுவிட வேண்டும். இது இல்லாவிட்டால் விழுந்த நீரே தெறித்து உள்ளே வரும். தரையில் நிலக்கடலைத் தோலோ நெல் உமியோ மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். கட்டிபட்ட இடத்தை வெட்டி எடுத்து எருக்குழியில் போடலாம். அடுப்படியை ஒட்டி மட்டும் இந்தக் கொட்டகையைப் போட வேண்டாம். கீற்றும் தீப்பொறியும் அண்டை வீட்டார் அல்ல.

ஒரு தம்பதியும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் இரண்டு நாளில் முடியக்கூடிய வேலை இது. ஆடிக் காற்று ஓய்ந்து, புரட்டாசி முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.

இந்த அளவிலேயே ஒரு கொட்டகையை அலுவலகத்தின் பின்புறம் வேய்ந்து வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஏணியும் நான்கு குடம் நீரும் இருக்கின்றன. தேநீருக்குமுன் அனைவரும் அங்கே வந்து, ஒருவர் மேலே நீரை ஊற்ற, மற்றவர்கள் உள்ளே நின்று பாருங்கள். ஒழுகினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று எனக்குக் காட்டுங்கள்.