காய்ச்சலின் முதல் வாரமும் சிகிச்சையின் ஆறு வாரமும்



இதய வால்வுத் தொற்றின் சிகிச்சையையும் அதன்பின் நோயாளி தேறி எழுவதையும் பற்றிய கருத்தரங்கைத் தேனியில் நடத்த முன்வந்தவர்களுக்கு முதலில் என் நன்றி. பெரிய அறுவை அரங்குகள் உள்ள நகரத்தில் கூடியிருந்தால், நம் பேச்சு முழுக்க வால்வு மாற்றுவதைச் சுற்றியே போயிருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் நோயாளியின் கதி பெரும்பாலும் அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. காய்ச்சல் வந்த முதல் வாரத்தில் ரத்தம் எடுத்தோமா, ஆறு வாரச் சிகிச்சையை அந்தக் குடும்பத்தால் தாங்க முடிந்ததா என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் இருக்கிறது.

1911 பிப்ரவரியில், நியூயார்க்கில், இசைமேதை குஸ்தாவ் மாலர் விடாத காய்ச்சலில் படுத்தார். அவருடைய வால்வு பழுதுபட்டிருந்தது 1907லேயே தெரிந்த செய்தி. இந்த நோயில் அன்றைய பெரிய நிபுணரான எமானுவேல் லிப்மன் அழைக்கப்பட்டார். லிப்மனின் இளம் உதவியாளர் ஜார்ஜ் பேர், மாலர் தங்கியிருந்த ஓட்டலுக்கே கருவிகளோடு போய் ரத்தம் எடுத்தார். சில நாட்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்து வந்தது. கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டது. அதைக் கொல்ல மருந்துதான் உலகத்தில் எங்கும் இல்லை. மே 18ஆம் நாள் வியன்னாவில், 50 வயதில், மாலர் இறந்தார். பெனிசிலின் மருத்துவமனைகளுக்கு வந்து சேர மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆனது.

இன்று கம்பத்திலும் சின்னமனூரிலும் நிலைமை நேர் எதிர். மருந்து தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. கிருமி எதுவென்று கண்டுபிடிக்காமலேயே நாட்கள் ஓடுகின்றன. நூறாண்டுக்கு முன் ஓர் ஓட்டல் அறையில் செய்ய முடிந்ததை நம் வட்ட மருத்துவமனைகளில் வழக்கமாக்காமல் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன்னே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டுக்கோ குமுளிக்கோ போகிற பெண்ணுக்கு மாலையில் லேசாகக் காய்கிறது. ‘மேலுக்கு முடியலை’ என்கிறார். வேலை முடிந்து இறங்கியதும் ஓர் ஊசி, மூன்று நாளுக்கு மாத்திரை. காய்ச்சல் விடுகிறது. பத்து நாளில் திரும்ப வருகிறது, வேறு மாத்திரை. அடுத்து டைபாய்டு சந்தேகம், அதன்பின் காசநோய்ச் சந்தேகம். இதற்குள் உடம்பு பாதியாகிவிடும். மூச்சு வாங்கியோ, ஒரு கை விழுந்தோ அவர் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேரும்போதுதான், சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்த கதை வெளியே வருகிறது.

அந்த மூன்று நாள் மாத்திரை என்ன செய்கிறது? வால்வில் ஒட்டியிருக்கும் வெஜிடேஷன் என்னும் படிவுக்கு ரத்தக்குழாய் கிடையாது. பைப்ரினும் தட்டணுக்களும் சேர்ந்த அந்தப் படிவுக்குள் ஒரு கிராமுக்கு நூறு கோடிக் கணக்கில் கிருமிகள் அடைந்து, மெதுவாகப் பெருகிக்கொண்டு இருக்கின்றன. வெள்ளணுக்கள் உள்ளே போக முடியாது. அரைகுறை மருந்து ரத்தத்தில் மிதக்கும் கிருமிகளை அழித்துவிடும், படிவுக்குள் இருப்பவற்றைத் தொடாது. காய்ச்சல் இறங்கும், நோய் நிற்காது; பிறகு எடுக்கும் பிளட் கல்ச்சரிலோ கிருமி வளராது. முன்கூட்டிய ஆன்டிபயாடிக்கால் கிருமி அகப்படும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அதன்பின் நாம் ஊகத்தில்தான் மருந்து கொடுக்கிறோம்.

ஆகவே இந்த அவையிடம் என் முதல் வேண்டுகோள்: வால்வில் பழுது உள்ளவர், செயற்கை வால்வு பொருத்தியவர், முன்பு ருமாட்டிக் காய்ச்சல் கண்டவர் யாராக இருந்தாலும், காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்தால், ரத்தம் எடுத்த பிறகே ஆன்டிபயாடிக். வெவ்வேறு நரம்புகளிலிருந்து மூன்று முறை, பாட்டிலுக்குப் பத்து மில்லி அளவில். நோயாளி அதிர்ச்சி நிலையில் இருந்தால் விரைந்து எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்க வேண்டும். வாரக்கணக்கில் மெல்லக் காய்கிறவருக்குச் சில மணி நேரம் பொறுப்பதால் கேடு வராது. எடுத்த பாட்டிலைப் பிரிட்ஜில் வைக்கக் கூடாது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் அன்றன்றே கானாவிலக்கு ஆய்வகத்துக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. பாட்டில்களும், கொண்டுபோக ஒரு வண்டியும், யார் பொறுப்பு என்ற தெளிவும் போதும்.

சிகிச்சைக்கு வருகிறேன். நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு வழி மருந்து. செயற்கை வால்வில் தொற்று என்றால் ஆறு வாரம் அல்லது அதற்கும் மேல். ஜென்டாமைசின் சேர்த்தால் சிறுநீரகத்தையும் காதையும் கவனிக்க வேண்டும். இவை பாடப்புத்தகத்தில் உள்ளவை. அதில் இல்லாதது கூலி. மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் இருக்காது, பசி எடுக்கும். ‘காய்ச்சல் விட்டிருச்சு, இன்னும் எதுக்குப் படுத்துக் கெடக்கணும்?’ என்று கேட்பார்கள். கேட்பவருக்கு நாட்கூலி, உடன் இருக்கிற கணவருக்கும் வேலை கெடுகிறது. கந்துக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வால்வு அறுவைக்குக் கைகொடுக்கிறது, அதற்கு நன்றி சொல்வோம். படுத்திருக்கும் நாட்களின் கூலிக்கு யாரும் ஈடு தருவதில்லை. காசநோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் ஊட்டச்சத்து உதவியாகக் கொடுக்க நம் நாட்டால் முடிந்திருக்கிறது. மருந்தை முடிக்காமல் எழுந்து போனால் உயிர்போகும் இந்த நோய்க்கும் அப்படியோர் உதவி வேண்டும். இன்று மாலைக்குள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

டென்மார்க்கில் 400 நோயாளிகளிடம் நடந்து 2019இல் அச்சான போயட் ஆய்வு இங்கே பொருந்துகிறது. உடல்நிலை சீரானவர்களைக் குறைந்தது பத்து நாள் ஊசிக்குப் பிறகு மாத்திரைக்கு மாற்றியபோது, பலன் ஊசிக்குக் குறைவாக இல்லை. ஆனால் அங்கே கிருமி அடையாளம் தெரிந்தவர்களுக்கே இது செய்யப்பட்டது. எக்கோவில் சீழ்க்கட்டி இல்லையென உறுதி செய்தார்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை நேரில் பார்த்தார்கள். மாத்திரையை எடுத்துக்கொண்டு கண்காணிப்பை விட்டுவிட்டால் அது டென்மார்க் முறை ஆகாது. முதல் வாரத்தில் ரத்தம் எடுத்தவரைத்தான் நான்காம் வாரத்தில் வீட்டுக்கு அனுப்ப யோசிக்கலாம். ஊகத்தில் மருந்து பெறுகிறவர் படுக்கையிலேயே இருக்க வேண்டியதுதான். தினம் ஒருமுறை செப்ட்ரியாக்சோன் போதும் என்ற நிலைக்கு வந்தவர், உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ வீட்டுக்கு அருகிலேயே மிச்ச ஊசியைப் போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டையும் இரண்டாம் அமர்வு விவாதிக்கட்டும்.

அறுவையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இதயம் செயலிழந்தால், தொற்று அடங்காவிட்டால், பெரிய படிவு மூளைக்குப் போகும் அபாயம் இருந்தால், ஆறு வாரம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மதுரைக்கு அனுப்பும் முடிவை முதல் நாளிலேயே பேசத் தொடங்க வேண்டும். 1990 டிசம்பர் 6ஆம் நாள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவர் குழுவினரும் உழைத்து உருவாக்கியது. வெளிநாட்டு வால்வை வாங்க வழியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்தது.

வால்வு வைத்து வீடு திரும்பியபின் என்ன? உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் மாத்திரை; அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். சோதனை. அதற்கென்று ஒவ்வொரு முறையும் மதுரைக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போகும். இரண்டு முறைக்குப் பிறகு போகமாட்டார். கூடலூரிலேயே அந்தச் சோதனை கிடைக்க வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறது; வால்வு நோயாளிகளின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறட்டும். கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள், அளவு மாறாமல் சாப்பிடச் சொல்லுங்கள். இளம்பெண்களிடம் அறுவைக்கு முன்பே கருத்தரிப்பைப் பற்றிப் பேசுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும். பேறுகாலத்துக்குள் நுழைந்தபின் சொல்வது மிகத் தாமதம்.

பல்லையும் ஈறையும் மறக்க வேண்டாம். புகையிலை அடக்கும் வாயில் ஈறு கெட்டு, அங்கிருந்து கிருமி ரத்தத்துக்குப் போகிறது. ஒருமுறை தொற்று வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். பல் பிடுங்குமுன் அவருக்கு அமாக்சிசிலின் 2 கிராம் கொடுக்க வேண்டும்.

வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ‘எனக்கு இதய வால்வில் தொற்று வந்திருந்தது. காய்ச்சல் கண்டால் ரத்தம் எடுத்துவிட்டு மருந்து கொடுங்கள்’ என்ற இரண்டே வரி. ஜீப் மலையேறி அந்தப் பக்கம் போவதால் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடிக்க வேண்டும். அதன் வாசகத்தை இன்றைய கடைசி அமர்வில் செவிலியர்கள் முடிவு செய்வார்கள்.

முதல் அமர்வு பிளட் கல்ச்சர் பற்றியது. நுண்ணுயிரியல் துறையினரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.