ஷாவின் கடிதங்களும் ஸ்டெல்லாவின் வேடமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நாடகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். செஞ்சியில் நாடகம் பேசினால் முதலில் கூத்தைத்தான் சொல்ல வேண்டும். மேலச்சேரி திரௌபதி அம்மனைச் சுற்றி இந்த வட்டாரம் முழுக்கப் பாரதக் கூத்து நடக்கிறது. அதில் சபையில் நின்று நீதி கேட்கிற பாஞ்சாலி பெரும்பாலும் ஓர் ஆண்தான்! பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையிலும் பெண் வேடம் ஆண்களுக்கே. பெண்ணின் துயரம் மேடைக்கு வேண்டும், பெண் வேண்டாம்!

சரி, பெண்ணே மேடையேறிய நாட்டில் அவள் வேடம் யார் கையில் இருந்தது? இதற்கு ஒரு கடிதப் போக்குவரத்தைச் சொல்கிறேன். எழுதியவர் பெர்னார்ட் ஷா. பெற்றவர் ஸ்டெல்லா என்ற மிஸஸ் பாட்ரிக் கேம்பல், 1893 முதல் லண்டன் மேடையில் கொடிகட்டிப் பறந்த நடிகை.

ஷா 1856-ல் பிறந்தவர். ஸ்டெல்லா அவரைவிட ஒன்பது வயது இளையவர். 'பிக்மாலியன்' நாடகத்தில் வரும் பூக்காரி எலைசா வேடத்தை அவருக்காகவே ஷா எழுதினார். 1912-ல் நாடகத்தை அவருக்குப் படித்துக் காட்டினார். மனுஷர் அதிலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார். அப்போது வயது 56-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது, வீட்டில் மனைவி சார்லட். கடிதங்கள் பறந்தன. அந்தம்மாவும் சும்மா இல்லை, கேலியும் குத்தலுமாகப் பதில் எழுதினார். 1914 ஏப்ரலில் நாடகம் லண்டனில் அரங்கேறியபோது எலைசாவுக்கு வயது 49! அரங்கேற்றத்துக்குச் சில நாள் முன்னால் அவர் வேறொருவரை மணந்துகொண்டார். ஷாவுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இதுவரை சுவாரசியம். இனிமேல்தான் விஷயம். மகனை முதல் உலகப் போரில் பறிகொடுத்தார் ஸ்டெல்லா. வயது ஏறியது, வாய்ப்பு குறைந்தது, கையில் காசில்லை. இருந்த சொத்து அந்தக் கடிதங்கள்தான். 1922-ல் வந்த தன் வரலாற்று நூலில் அவற்றைச் சேர்க்க ஆசைப்பட்டார். சார்லட்டின் மனம் நோகும் என்று ஷா தடுத்தார். கடைசியில் வெட்டிச் சுருக்கித்தான் அனுமதித்தார். சட்டம் அவர் பக்கம். கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள எழுத்து எழுதியவருக்குச் சொந்தம். நம் நாட்டிலும் இதே நியாயம்தான்.

ஆனால் 1929-ல் ஷா என்ன செய்தார்? 'தி ஆப்பிள் கார்ட்' நாடகத்தில் அரசனின் காதலி ஒரிந்தியாவை ஸ்டெல்லாவின் சாயலிலேயே படைத்தார். கேள்விப்பட்ட அவர், எனக்குப் படித்துக் காட்டு என்று கேட்டார். ஷாவும் படித்துக் காட்டி, சிலவற்றை மாற்றினார். வேடத்தை இங்கிலாந்தில் நடித்தவர் ஈடித் எவான்ஸ். கடிதத்தை அவர் அச்சிடக்கூடாது, அவர் வாழ்க்கையை இவர் நாடகமாக்கலாம். இது எந்த ஊர் நியாயம், சொல்லுங்கள்?

ஷாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. 49 வயதுப் பெண்ணுக்கு அப்படியொரு வேடம் தர அன்று எத்தனை பேருக்குத் துணிச்சல் வந்திருக்கும்? மனைவிக்காகத் தயங்கியதிலும் நியாயம் உண்டு. ஆனால் எழுதுகிறவன் கை எப்போதும் ஓங்கியே இருக்கிறது. கேட்கிறவள் கை தாழ்ந்தே இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

ஸ்டெல்லா ஹாலிவுட் போனார். 1935-ல் வந்த 'குற்றமும் தண்டனையும்' படத்தில் அடகு பிடிக்கிற கிழவி வேடம் கிடைத்தது. வளர்த்த நாய்க்குட்டியை இங்கிலாந்துச் சட்டப்படி பல மாதம் தனியே அடைக்க வேண்டும் என்பதால் ஊர் திரும்பவும் மறுத்தார். 1940-ல் பிரான்சில் வறுமையில் இறந்தார். சார்லட் 1943-ல், ஷா 1950-ல். கடிதங்கள் முழு நூலாக வந்தது 1952-ல். அதை வைத்து ஜெரோம் கில்டி எழுதிய 'டியர் லையர்' நாடகத்தை நம் நாட்டில் நசீருதீன் ஷாவும் ரத்னா பாடக் ஷாவும் நடித்தார்கள். ஸ்டெல்லா காசாக்க நினைத்த கடிதங்கள் அவர் போன பிறகுதான் மேடையேறின.

தங்கைகளே, கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் நல்ல வேடம் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது பிச்சையில்லை. அதைவிட முக்கியம், நீங்களே எழுதுங்கள். தம்பிகளே, அவர்கள் எழுதியதில் நீங்கள் வேடம் கேட்டுப் பாருங்கள், அந்த அனுபவமும் வேணும்! ஒருவர் வாழ்க்கையை எடுத்து எழுதினால் ஷா செய்ததையாவது செய்யுங்கள்: முதலில் அவரிடம் படித்துக் காட்டுங்கள்.