பிள்ளை வளர்ப்பில் பாராட்டின் இடம்

(நவராத்திரி விழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



விஜயதசமி அன்று காலையில் ஆலயங்களில் ஏடு தொடங்கும் சடங்கு நடைபெறுகின்றது. தட்டில் பரப்பிய அரிசியின்மீது பெரியவர் ஒருவர் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதச் செய்கின்றார். அரிசியில் தோன்றும் அகரம் கோணலாகத்தான் இருக்கும். பாதி அரிசி பாயில் சிந்தியிருக்கும். ஆயினும் அங்கே எவரும் முகம் சுளிப்பதில்லை. தாய் கன்னத்தை வருடி முத்தமிடுகின்றாள்; பாட்டி வாயில் கற்கண்டு இடுகின்றாள். குழந்தை மீண்டும் அரிசியில் விரலை வைக்கின்றது, இம்முறை எவரும் பிடிக்காமலே. கல்வி உளவியலார் 'நேர்மறை வலுவூட்டல்' என்று பெயரிட்டு விரிவாக எழுதும் செய்தியின் சாரம் அந்த அரிசித் தட்டில் இருக்கின்றது. ஒரு செயலைச் செய்தவுடன் இன்பம் தரும் ஒன்று கிட்டுமாயின், அச்செயல் மறுபடியும் செய்யப்படும்.

அதே குழந்தை ஏழு வயதில் முதலாம் ஆண்டில் சேர்கின்றது. இப்போது 'ழ'கரம் கோணலானால் காது திருகப்படுகின்றது. 'அடியாத மாடு படியாது' என்று பெரியவர்கள் நினைவூட்டுகின்றனர். அப்பழமொழி மாட்டைப் பற்றியது என்பது வசதியாக மறக்கப்படுகின்றது. தோட்டப்புறப் பள்ளிகளில் பயின்ற தலைமுறைக்குப் பிரம்பின் ஓசை இன்றும் காதில் ஒலிக்கும். மலேசியப் பள்ளிகளின் 1959ஆம் ஆண்டுக் கட்டொழுங்கு விதிமுறைகளே பிரம்படிக்கு எல்லை வகுத்தன. மாணவியரை அடிப்பதைத் தடை செய்தன. பிரம்படி பட்டவர்கள் முன்னேறவில்லையா என்று கேட்போர் உண்டு. பலர் முன்னேறினர். ஆனால், பிரம்புக்கு அஞ்சிப் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் ஒளிந்த சிறுவர்கள் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை.

அமெரிக்க உளவியல் அறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் (1904–1990) எலிகளையும் புறாக்களையும் கொண்டு பல்லாண்டுகள் ஆய்வு செய்தவர். 1953ஆம் ஆண்டில் தம் மகளின் கணித வகுப்பைப் பார்வையிடச் சென்றார். மாணவர்கள் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தனர். சிலர் முடித்துவிட்டு நெளிந்தனர், சிலர் திணறினர். போட்ட கணக்கு சரியா, தவறா என்பது அவர்களில் எவருக்கும் அந்நேரத்தில் தெரியவில்லை. புறாவுக்கும்கூட உடனுக்குடன் தானியம் கிடைக்கின்றது. குழந்தைக்கோ விடைத்தாள் பிறகுதான் வருகின்றது! ஒவ்வொரு விடைக்கும் அக்கணமே சரி, தவறு காட்டும் கற்பிக்கும் பொறி ஒன்றை அவர் அமைத்ததற்கு அந்த வகுப்பறைக் காட்சியே காரணமாயிற்று.

பாராட்டு என்பது வாய்ச்சொல் மட்டுமன்று. பெரியவர்களின் கவனமே குழந்தைக்குப் பெரும் பரிசு. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பாலர் பள்ளி ஒன்றில் நிகழ்ந்து, 1964இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த செய்தி இதனை நன்கு விளக்கும். நடக்கத் தெரிந்த மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பள்ளியில் பெரும்பாலான நேரம் தவழ்ந்தே திரிந்தாள். ஆசிரியைகள் ஒரு முறையை வகுத்துக் கொண்டனர். அவள் தவழும்போது கவனிக்காதிருந்தனர். எழுந்து நின்றால், நடந்தால், உடனே அருகில் சென்று அன்புடன் பேசினர். ஏறக்குறைய ஒரு வாரத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே நடந்து விளையாடலானாள். இது தற்செயலோ என்ற ஐயம் எழாதிருக்க, முறையைத் தலைகீழாக்கித் தவழும்போது கவனித்துப் பார்த்தனர். சிறுமி மீண்டும் தவழ்ந்தாள். பழையபடி நடக்கும்போது கவனித்தனர், மீண்டும் நடந்தாள். அச்சிறுமியை எவரும் கண்டிக்கவில்லை, எதற்கும் கட்டாயப்படுத்தவுமில்லை.

1968இல் வெளியான மற்றோர் ஆய்வு முதலாம் வகுப்பில் நடந்தது. பிள்ளைகள் இடத்தை விட்டு எழுந்து எழுந்து ஓடினர். 'உட்கார்' என்று ஆசிரியைகள் அதிகமுறை சொல்லச் சொல்ல, எழுந்து நிற்போர் தொகையும் கூடியது! அமர்ந்து எழுதும் பிள்ளையைப் பாராட்டத் தொடங்கியதும் எழுந்து நிற்பது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பு ஆசிரியர்கள் இதனை ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம். செலவில்லாத சோதனை.

இதே விதி எதிர்த்திசையிலும் தவறாமல் வேலை செய்கின்றது என்பதுதான் பெற்றோர் கருத வேண்டிய இடம். ஆலயத்தில் பூசை நடந்து கொண்டிருக்கின்றது. ஐந்து வயதுப் பிள்ளை சிணுங்குகின்றது. நான்குபேர் திரும்பிப் பார்க்கின்றனர். தந்தை சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கொடுக்கின்றார். அழுகை நின்றது, தந்தைக்கு நிம்மதி. ஆனால் அங்கே கற்றவர் இருவர். அழுதால் கைப்பேசி கிடைக்கும் என்று பிள்ளை கற்றது. கைப்பேசி கொடுத்தால் அழுகை நிற்கும் என்று தந்தை கற்றார். அடுத்த வெள்ளிக்கிழமை தீபாராதனைக்கு முன்பே சிணுங்கல் தொடங்கிவிடும். அது கையூட்டே தவிர, பரிசு அன்று. தீபாராதனை வரை அமைதியாக நின்ற பிள்ளையிடம், "அப்பாவோடு கைகூப்பி நின்றாயே, மிக நன்று" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு மணியை ஒருமுறை அடிக்கச் செய்வது பரிசு. இரண்டிலும் பிள்ளைக்கு ஒன்று கிடைக்கின்றது. எதனை அடுத்து கிடைக்கின்றது என்பதில்தான் வேறுபாடு.

பாராட்டினால் பிள்ளை தலைக்கனம் கொள்ளும் என்று அஞ்சுவோரும் உளர். சிறந்த சேவைக்கான சான்றிதழைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்திருக்கும் ஐம்பது வயது அதிகாரியும் சில வேளைகளில் அவ்வாறு சொல்வதுண்டு. எனினும் அந்த அச்சத்தில் சிறிது உண்மை இருக்கின்றது. 1998இல் மியூலர், டுவெக் என்னும் இரு அறிஞர்கள் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், சிலரை 'நீ அறிவாளி' என்றும் சிலரை 'நன்றாக முயன்றாய்' என்றும் பாராட்டினர். பின்னர்க் கடினமான புதிர்களைத் தந்தனர். அதன்பின் மீண்டும் எளியவற்றைத் தந்தபோது, அறிவுக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முதலில் செய்ததைவிடக் குறைவாகச் செய்தனர். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் கூடுதலாகச் செய்தனர். அறிவாளி என்ற பெயரைக் காக்க விரும்பும் பிள்ளை, அது கெட்டுப்போகும் இடத்திற்குப் போக அஞ்சுகின்றது. ஆகவே, "கெட்டிக்காரி" என்று பொதுவில் சொல்வதைவிட, "பெருக்கல் வாய்ப்பாட்டை மூன்றுமுறை எழுதிப் பார்த்தாயே" என்று செயலைக் குறிப்பிட்டுச் சொல்வதே பயன் தரும்.

பொருளாகத் தரும் பரிசிலும் எச்சரிக்கை வேண்டும். 1973இல் வெளியான ஓர் ஆய்வில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதை விரும்பிய பாலர் பள்ளிக் குழந்தைகளுள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே கூறி, அவ்வாறே வழங்கினர். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அக்குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைவதில் செலவிட்டனர். தானே விரும்பித் தேவாரம் பாடும் பிள்ளைக்குப் பாட்டுக்கு ஐந்து வெள்ளி என்று விலை பேசுவது இத்தகையதே. விருப்பம் இல்லாத இடத்தில் தொடக்கத்திற்கு ஒரு சிறு பரிசு ஊன்றுகோலாகலாம். பழக்கம் வேரூன்றியபின் அதனை மெல்லக் குறைத்துவிட வேண்டும்.

இனி, ஆலய மேடைகளில் வழங்கப்படும் கல்வி ஊக்குவிப்புப் பரிசு. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு கடைசியாக 2019இல் எழுதப்பட்டு, 2021இல் அகற்றப்பட்டது. அதுவரை எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றவர்கள் மாலையும் கேடயமும் பெற்றனர். தேர்வு போனாலும் பரிசளிப்பின் முறை பெரிதும் மாறவில்லை, எஸ்.பி.எம். தேர்வில் சிறந்தவர்கள் அதே மேடையில் ஏறுகின்றனர். அது அவர்களுக்குரிய மரியாதை, குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதனை ஊக்குவிப்பு என்று சொல்வது பொருந்துமா? தேர்வெழுதிப் பல மாதங்கள் கழித்து வரும் கேடயம், முன்பே நன்கு படிப்பவரையே சென்று சேர்கின்றது. ஜனவரியில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருந்து, செப்டம்பரில் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படிக்கும் நிலைக்கு உயர்ந்த சிறுவன் மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து கைதட்டுகின்றான். அவன் ஏறிய உயரம் எந்த மதிப்பெண் பட்டியலிலும் இல்லை.

அவனுக்கென்று ஆலயம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சமய வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. வகுப்பு முடியும்போது ஆசிரியர் அதில் ஒரே வரி எழுதுவார்: "இன்று நான்கு அடிகளை ஏட்டைப் பாராமல் பாடினான்", "தம்பிக்குப் பக்கத்தைக் காட்டி உதவினாள்." மதிப்பெண் வேண்டா, தரவரிசையும் வேண்டா. ஒரு பிள்ளையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்று ஆசிரியர் கருதும் வாரத்தில், அடுத்த வாரம் அப்பிள்ளையை இன்னும் கூர்ந்து கவனிப்பது அவர் பொறுப்பு. அட்டை அன்றே வீட்டிற்குச் செல்லும். பெற்றோர் அதனைப் பிள்ளையின் முன்னிலையில் உரக்கப் படித்துக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். நிர்வாகக் குழு இசைந்தால், விழா முடிந்த மறு ஞாயிறு வகுப்பிலேயே இதனைத் தொடங்கிவிடலாம்.