இழையில் நிற்கும் ரம்பம்

மரம் ஏறிக் கிளை கழிப்பது பிரிட்டனில் முறையான பயிற்சி பெற்றுச் செய்யும் தொழில். ஆளைத் தாங்கும் கயிறு, இடுப்புவார், கொக்கிகளைப் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டு விதி அது. அது போக, ஏறுபவரும் கயிற்றை அடி அடியாக விரலில் உருட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பிய வெட்டு விரலுக்குத் தட்டுப்படும்.

என்னை மிகவும் வியக்க வைத்தது அவர்களுடைய கால்சட்டை. துணிக்கு உள்ளே நீள நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஓடுகிற ரம்பச் சங்கிலி துணியைக் கிழித்ததும் அந்த இழைகள் வெளியே இழுபட்டு, ரம்பத்தின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரத்தில் சங்கிலி நின்றுவிடும். அப்படிக் காலைக் காத்த கால்சட்டையை மறுபடி போடக் கூடாது.

கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், பாதியில் முறிந்து அடிமரப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அதனால் முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கிளையின் கீழ்ப்பக்கத்தில். இன்னும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து அடுத்த வெட்டு, கிளை இறங்கிவிடும். மிச்சக் கட்டையை, கிளை தொடங்கும் இடத்து வீக்கத்துக்கு வெளியே எடுப்பார்கள். அந்த வீக்கம் தப்பினால்தான் மரம் புண்ணைத் தானே மூடும். அமெரிக்க அறிஞர் அலெக்ஸ் ஷைகோ மரங்களைப் பிளந்து பார்த்து இதை விளக்கினார்.

கீழே நிற்பவர் வெறும் எடுபிடி அல்ல. மேலே இருப்பவர் மயங்கினால் ஏறிப் போய் இறக்கத் தெரிந்தவர் ஒருவர் கீழே இருந்தாக வேண்டும். அவருக்கான கயிறும் இடுப்புவாரும் வேலை தொடங்கும் முன்பே தயாராக இருக்கும்.