வாந்திபேதியும் ஆத்தாள் கோபமும்
(நசரத்பேட்டையில் பேசியது)



வாந்திபேதி கண்டால் "ஆத்தாள் கோபம்" என்று வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றியவர்கள் நாம். அந்த ஆத்தாளைத்தான் 1884-இல் ஜெர்மானியரான காக் கல்கத்தாவில் பூதக்கண்ணாடியில் பிடித்துக் காட்டிவிட்டாரே! காற்புள்ளி போல் வளைந்த ஒரு கிருமி.

சரி, அது எப்படிக் கொல்லுகிறது? 1959-இல் கல்கத்தா சம்புநாத் டே, கிருமி வளர்ந்த சாற்றை வடிகட்டி, கிருமியே இல்லாமல் முயலின் குடலில் விட்டார். குடல் நீர் கோத்து வீங்கிற்று. ஆகவே கிருமி விஷத்தைக் கக்குகிறது என்று ஏற்பட்டது. கக்குவதும் சுலபமல்ல. கிருமிக்கு இரண்டு தோல். உள்தோலைத் தாண்டிய விஷத்தை வெளித்தோலின் துவாரம் வழியே தள்ள அதற்குள் ஒரு யந்திரமே இருக்கிறது. விஷம் பட்ட குடலணுக்கள் உப்பையும் நீரையும் கொட்டுகின்றன. கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். மனிதன் வற்றிச் சாகிறானேயொழிய, சாமி அடித்தல்ல.

இதறியாமல், தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகுமென்று நாக்கு வறண்ட குழந்தைக்கு மறுக்கும் பாட்டிமார் இன்றும் உண்டு. 1971-இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று.

காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர். தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. பூந்தமல்லி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரையில் இதைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.