தோண்டிப் பார்க்காதே, தம்பி!

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பகுதி, மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரம், 26 முதல் 29 வரையுள்ள இறைவசனங்கள். தானாக வளரும் விதையைப் பற்றிய உவமை. நான்கு நற்செய்தியாளர்களுள் மாற்கு மட்டுமே இதை நமக்குத் தருகிறார். ஒருவர் நிலத்தில் விதைக்கிறார். இரவில் தூங்குகிறார், காலையில் எழுகிறார். விதை முளைத்து வளர்ந்துகொண்டே இருக்கிறது. எப்படி வளர்கிறது என்பது விதைத்தவருக்கே தெரியாது. இறையாட்சியும் இப்படித்தான் என்கிறார் ஆண்டவர்.

இந்த உவமையை நாங்கள் பலமுறை வாசித்திருக்கிறோம். மற்றவர்களுக்கு விளக்கியும் இருக்கிறோம். ஆனால் அதை எங்களுக்குப் புரிய வைத்தவன் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன்.

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஏரி இன்னும் இருக்கிறது. ஏரியை நம்பியிருந்த நிலங்களில்தான் இன்று வீடுகள் நிற்கின்றன. எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குக் காராமணி தெரியும், குழம்பில். அது மண்ணில் எப்படி இருக்கும் என்று தெரியாது. விதைப்பவர் உவமையை இவர்களுக்கு வாயால் சொல்லி என்ன பயன்? ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியவர்கள் சொன்ன ஆடி மாதத்திலேயே தொடங்கினோம். ஆளுக்கொரு கொட்டாங்குச்சி. அடியில் ஒரு துளை. செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, இரவெல்லாம் ஊறிய காராமணி மூன்றை விரல் நுனி ஆழத்தில் போடச் சொன்னோம். வீட்டுக்கு எடுத்துப் போய்த் தண்ணீர் தெளித்து, அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது கொண்டுவர வேண்டும்.

அடுத்த ஞாயிறு எல்லார் கையிலும் இரண்டு இலையோடு செடி. அந்தச் சிறுவன் கையில் மட்டும் வெறும் மண். கிளறிப் பார்த்தோம். விதைகள் முளைவிட்டிருந்தன, வேர்கள் ஒடிந்து அழுகிப்போயிருந்தன. “என்னப்பா செய்தாய்?” என்று கேட்டோம். “உள்ள இருக்கா இல்லையான்னு தினம் எடுத்துப் பாத்தேன் மிஸ்” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவன். இயேசு கற்பித்த செபத்தைச் சொல்லச் சொல்லி ஒவ்வொரு ஞாயிறும் அவனை முன்னால் நிறுத்தினோம். பாதியில் நிறுத்துவான், தலையைக் குனிவான். “உன் தங்கச்சி கூடச் சொல்றாளே” என்போம். அவன் அம்மாவும் எங்கள் எதிரிலேயே தலையில் குட்டுவார். அவன் விதையை நாள்தோறும் தோண்டினான். நாங்கள் அவனை வாரந்தோறும் தோண்டினோம். அவனுக்காவது ஆறு வயது!

அன்பானவர்களே, ஒரு விதைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காராமணியின் இரண்டு பருப்புகளும் குட்டிச் செடிக்குத் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. நீர் உள்ளே போனதும் விதை ஊதுகிறது, தோல் வெடிக்கிறது. முதலில் வருவது இலை அல்ல, வேர். விதையைத் தலைகீழாகப் போட்டாலும் வேர் திரும்பிக் கீழேதான் போகும். அதன் பிறகே தண்டு மேலே வரும். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்த நாட்களில்தான் பெரிய வேலை நடக்கிறது. அப்போது தோண்டினால் நீர் குடிக்கும் மெல்லிய வேர்த்தூவிகள் அறுந்துவிடும்.

எல்லா விதைக்கும் ஒரே கணக்கும் இல்லை. பச்சைப்பயறு ஒரே நாளில் முளை காட்டும். பனங்கொட்டையோ முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே பனங்கிழங்கு, அது அப்படி உருவானதுதான். மேலே ஓலை எட்டிப் பார்க்க மாதக்கணக்கு. காய்க்க 15, 20 ஆண்டுகள். பயற்றைக் காட்டிப் பனையை யாராவது திட்டுவார்களா? பிள்ளைகளை மட்டும் திட்டுகிறோம்.

மரியா மாண்டிசோரி அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். கத்தோலிக்கர், மருத்துவர். 1907 சனவரி 6, மூன்று அரசர்கள் திருவிழா அன்று, உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் நம் சென்னைக்கே வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். சிறு பிள்ளைகள் செடி வளர்க்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர் அவர். விதைத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளை பொறுமையைக் கற்கிறது, நம்பிக்கையோடு எதிர்நோக்குவதும் ஒருவகை விசுவாசமே என்பது அவர் கருத்து.

காத்திருப்பது என்றால் கைகட்டி நிற்பது அல்ல. தண்ணீர் தெளிக்க வேண்டும், வெயில் காட்ட வேண்டும், அணிலிடமிருந்து காக்க வேண்டும். பேசத் தயங்கும் பிள்ளையை, எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை, தேவையானால் மருத்துவரிடம் காட்டுவதும் தண்ணீர் தெளிப்பதுதான். தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 3ஆம் அதிகாரத்தில் சொல்வதும் இதுவே: நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் ஒருவர், விளையச் செய்தவர் கடவுள். நம் பங்கை நாம் செய்வோம். கடவுளின் பங்கைக் கடவுளிடம் விடுவோம்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒன்று செய்யுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரின் உட்புறம் காகிதத்தைச் சுருட்டி வைத்து நனையுங்கள். காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு காராமணி விதைகளைச் சொருகுங்கள். காகிதம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோண்டாமலே வேர் இறங்குவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். நீங்கள் விளக்க அவசரப்படாதீர்கள். “என்ன தெரியுது?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு விதை முளைக்காமல் போனால் இரவோடு இரவாக மாற்றி வைக்காதீர்கள். எல்லாம் முளைப்பதில்லை, மறுபடி விதைக்கலாம் என்பதும் பிள்ளைகள் அறிய வேண்டிய உண்மை.

அந்தச் சிறுவனுக்கும் நாங்கள் ஒரு டம்ளர் கொடுத்தோம். அதன் பிறகு மண்ணில் விதைத்தான், தோண்டவில்லை. ஐந்தாம் நாள் முளைத்தது என்று திருப்பலி முடிந்ததும் ஓடிவந்து சொன்னான். இயேசு கற்பித்த செபத்தை அவன் இன்னும் முழுவதும் சொல்லவில்லை. நாங்களும் அவனை முன்னால் நிறுத்துவதில்லை. எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது அவன் உதடுகள் அசைகின்றன. அது போதும் எங்களுக்கு.

செபிப்போம். விதைக்குள் உயிரை வைத்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்குள்ளும் அதை வைத்தவர் நீரே. தண்ணீர் ஊற்றும் கைகளை எங்களுக்குத் தாரும். தோண்டிப் பார்க்கும் அவசரத்தை எங்களிடமிருந்து எடுத்துவிடும். ஆமென்.